ஹாலோ கிராங்க் உடைவது ஏன்? கூடாக இருப்பதாலா, ஒட்டிய இடத்தாலா?

கேள்வி, 2024 பிப்ரவரி 10

உள்ளே கூடாக இருக்கும் ஹாலோ கிராங்க் (பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை) எல்லாமே ஒருநாள் உடையத்தான் செய்யும், பழைய கெட்டி கிராங்கே மேல் என்று எங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நான் ஆறு வருடமாக ஹாலோ கிராங்கில்தான் ஓட்டுகிறேன். கழற்றிப் போட்டுவிடலாமா?

பதில், பிப்ரவரி 11, இரவு

கழற்றிவிடுங்கள். எனக்கு உடைந்து பதினேழு நாள்தான் ஆகிறது.

ஏற்றத்தின் கடைசி முந்நூறு மீட்டர். எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். வலது பெடல் கீழே இறங்கும்போது காலுக்கடியில் இருந்த படி திடீரென்று காணாமல் போனது போல இருந்தது. சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த விறகு முறிவது போல ஒரே ஒரு ‘படக்’. அடுத்த நொடி ஷூ தார் ரோட்டில் உரசுகிறது, சைக்கிளின் மேல்குழாய் தொடையில் இடிக்கிறது. பெடல் ஷூவோடு கூடவே வந்துவிட்டது, கிராங்கின் ஒரு துண்டும் அதோடு தொங்கிக்கொண்டிருந்தது. வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லாததால் முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அதற்கு அரை மணி முன்புதான் இதே கிராங்கின்மேல் எழுந்து நின்றபடி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

உடைவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே ‘டிக்’ என்று ஒரு சத்தம், வலது கால் அழுத்தும்போது மட்டும். பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். சீட் போஸ்டை எடுத்துத் துடைத்தேன். செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட்டுகளை முறுக்கினேன். கடைசியில் கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பேரிங்கையே மாற்றினேன். சத்தம் நாலு நாள் அடங்கியிருந்துவிட்டு மறுபடி வந்தது. பேரிங் மாற்றும்போது கிராங்க் முழுசாக என் கையில்தான் இருந்தது. திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

எந்த நிறுவனத்தின் கிராங்க் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு கிராங்கை வைத்து யார்மேலும் பழி போட எனக்கு மனமில்லை.

பிப்ரவரி 11, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது: அது குறுக்காக முறியவில்லை, நீளவாக்கில் பிளந்தது. வெயிலில் காய்ந்த நெற்று வெடித்து இரண்டாகப் பிரியுமே, அதுபோல. பிளந்த பிறகுதான் ஒரு பாதி முறிந்திருக்கிறது.

பிப்ரவரி 14

உடைந்த துண்டுகளை இன்று வைஸில் மாட்டி, டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பதினொன்றாம் தேதி நான் எழுதிய ‘கழற்றிவிடுங்கள்’ அவசரப் பேச்சு. அதை அப்படியே விட்டுவைக்கிறேன், ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

என் கிராங்க் இரண்டு துண்டால் ஆனது. முன்பக்கத் துண்டு ஒரு சின்னத் தொட்டி போல. பின்பக்கத் துண்டு அதற்கு மூடி. இரண்டையும் பசையால் ஒட்டி, மேலே பூச்சு கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே துண்டு போலத்தான் இருக்கும். பின்பக்க ஓரத்தில் தலைமுடி அளவு ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

பிரிந்த பரப்பில் பசை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பசையே கிழிந்திருந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. செயின்ரிங் மாட்டும் நட்சத்திரக் கைக்குப் பக்கத்தில் சுமார் நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு, பசை முழுவதும் மூடியிலேயே நிற்கிறது. எதிரே தொட்டியின் பரப்பு மொட்டையாக இருக்கிறது. மொட்டையான இடத்தில் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அலுமினியம் அரித்த பொடி அது. பசை கெட்டுப்போகவில்லை, பசை பிடித்திருந்த தோல் கெட்டிருக்கிறது.

பெடல் பக்கம் போகப் போகப் பரப்பு மாறுகிறது. அங்கே பசை இரண்டு பக்கமும் கிழிந்து, மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது. அழுக்கில்லை, பொடியில்லை. இந்தப் பகுதி அந்தக் கடைசி ‘படக்’கில் பிரிந்தது. கரையோரம் கறுப்பு, நடுவில் வெள்ளை, கடைசியில் பளபளப்பு. மூன்று வார ‘டிக்’ எங்கிருந்து வந்தது என்பது இந்த ஒரு பரப்பிலேயே எழுதியிருக்கிறது.

ஆக, என் கிராங்கில் முதலில் தோற்றது வெற்றிடம் அல்ல, மூடியை ஒட்டிய இடம்.

பிப்ரவரி 15

‘கூடு எப்படி கெட்டியைவிட வலுவாக இருக்க முடியும்’ என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். மூங்கிலைப் பாருங்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தண்டை வளைக்கும்போது அதன் மேல்தோலும் அடித்தோலும்தான் இழுபடுகின்றன, நசுங்குகின்றன. நடுவில் இருக்கும் உலோகம் ஏறக்குறைய சும்மா உட்கார்ந்திருக்கிறது. 20 மி.மீ. விட்டமுள்ள கெட்டித் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே எடை அலுமினியத்தை 30 மி.மீ. வெளிவிட்டம் உள்ள குழலாக ஆக்கினால் சுவர் 3.8 மி.மீ. கனம் வரும். வளையாமல் நிற்கும் திறன் மூன்றரை மடங்கு ஆகிறது. ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

கிராங்குக்கு வளைவு மட்டும் இல்லை, முறுக்கும் உண்டு. 80 கிலோ ஆள் பெடலில் எழுந்து நின்றால் சுமார் 800 நியூட்டன். கிராங்கின் நீளம் 170 மி.மீ. என்றால் அச்சருகே 136 நியூட்டன் மீட்டர் வளைக்கிறது. அதே நேரம் கால் நிற்பது கிராங்கின் நேர்கோட்டில் இல்லை, ஏறத்தாழ 6 செ.மீ. வெளியே. அதனால் கிராங்கின் உடலை ஈரத்துணி பிழிவது போல 48 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறது. எழுந்து நின்று குத்தி மிதித்தால் உடம்பு எடைக்கு மேலேயே போகும், ஹேண்டில்பாரை இழுத்துத்தானே மிதிக்கிறோம். பந்தய சைக்கிள் கிராங்குகளுக்கான சோதனையில் 45 பாகை சாய்வில் வைத்து 1800 நியூட்டன் கொடுத்து மறுபடி மறுபடி அழுத்துவது அதனால்தான்.

பிப்ரவரி 15, சாப்பிட்டு வந்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். படம் சுருட்டி அனுப்பும் அட்டைக் குழல் ஒன்று கிடைத்தால் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. பிறகு கத்தியால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டு அதே குழலை முறுக்குங்கள். சிறு குழந்தைகூட முறுக்கிவிடும். அட்டை குறையவில்லை, கனம் குறையவில்லை, ஒரு வாய் திறந்ததுதான் வித்தியாசம்.

மூடிய குழலுக்கும் பிளந்த குழலுக்கும் முறுக்கைத் தாங்குவதில் இருக்கும் வேறுபாடு இரண்டு மூன்று மடங்கு அல்ல. மேலே சொன்ன 30 மி.மீ. குழலுக்குக் கணக்குப் போட்டால் முப்பது மடங்குக்கு மேல் வருகிறது. ஒட்டிய கிராங்கில் கோடு ஓரிடத்தில் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று இப்போது தெரிகிறதா? திறந்த பகுதி முறுக்கைத் தாங்காமல் நெளிகிறது. அந்த நெளிவு பக்கத்தில் இருக்கும் பசையை உரிக்கிறது. உரிந்தால் இன்னும் நெளிகிறது. முதல் ஒரு சென்டிமீட்டர் திறக்க வருடங்கள் ஆகலாம். அடுத்த ஐந்து சென்டிமீட்டருக்குச் சில வாரம் போதும்.

கெட்டி கிராங்குக்கு இந்தப் பயம் இல்லை. பிரிய அதில் வாயே கிடையாது.

பிப்ரவரி 18

ஹாலோ என்று ஒரே பெயரில் நாலு விதமான பொருள்களைக் கூப்பிடுகிறோம். வாதம் குழம்புவது அதனால்தான்.

முதல் விதம், அச்சில் அடித்துச் செய்வது. அடிக்கும்போதே நடுவில் ஒரு கருவை வைத்து, பிறகு அதை உருவி எடுத்துவிடுகிறார்கள். உருவிய வாய் மட்டும் மூடப்படும். நீளவாக்கில் ஒட்டு கிடையாது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ 1990களின் பிற்பாதியில் தன் மேல் தட்டு டூரா-ஏஸ் 7700 வரிசையில் ஹாலோடெக் என்று கொண்டுவந்தது இந்த வழியில்தான். ஹாலோடெக் 2 என்ற பெயர் பிறகு வந்தது. அச்சையும் வலது கிராங்கையும் ஒன்றாக்கிய வடிவத்துக்கு அந்தப் பெயர்.

இரண்டாவது, இரண்டு துண்டைச் செய்து ஒட்டுவது. என்னுடையது இந்த விதம். துண்டுகளைத் தனித்தனியாகக் கடைவதால் உள்பக்கச் சுவரை எங்கே மெல்லிசாக்கலாம், எங்கே கனமாக விடலாம் என்று நினைத்தபடி செய்ய முடிகிறது. ஒரே துண்டாக அடிக்கும்போது அந்த அளவுக்கு முடியாது. எடை குறைவதன் ரகசியம் அங்கே இருக்கிறது. கேனன்டேலின் ஹாலோகிராம் கிராங்குகளும் இரண்டு பாதியை ஒட்டிச் செய்தவைதான்.

மூன்றாவது, எஃகுக் குழாயையோ டைட்டானியத்தையோ வெல்டிங் செய்வது. பிஎம்எக்ஸ் என்ற சாகச சைக்கிள் ஓட்டுபவர்கள் 1980களிலிருந்தே குரோமோலி எஃகுக் குழாய் கிராங்கில்தான் மாடிப்படியிலிருந்து குதிக்கிறார்கள். அதுவும் கூடுதான்! ‘கூடு என்றால் உடையும்’ என்று சொல்பவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டைட்டானியத்தில் கேன் கிரீக் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ஈவிங்ஸ் இந்த வகை.

நாலாவது கார்பன். அதற்குத் தனியாக எழுதுகிறேன், அதன் வியாதி வேறு.

பிப்ரவரி 25

ஷிமானோவின் 2023 செப்டம்பர் அறிவிப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு உடைந்தது அந்தப் பட்டியலில் உள்ளது அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஷிமானோ திரும்பப் பெற்றது ஒட்டிச் செய்த 11 வேக (பின்னால் 11 பல்சக்கரம்) ரோடு கிராங்குகளை: அல்டெக்ரா எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, டூரா-ஏஸ் எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100, பவர் மீட்டர் (மிதிக்கும் பலத்தை அளக்கும் கருவி) உள்ள எஃப்சி-ஆர்9100பி. 2019 ஜூலைக்கு முன் தயாரானவை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பில் இருந்த எண்ணிக்கை: அந்த நாட்டில் விற்றவை சுமார் 6,80,000, பிரிந்துபோனதாக வந்த புகார் 4,519, காயம் 6. காயங்களில் எலும்பு முறிவும் உண்டு.

கிராங்கின் பின்பக்கம் இரண்டு எழுத்துக் குறி அடித்திருக்கும். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ‘கேஎஃப்’ என்றால் 2012 ஜூன். ‘ஆர்எஃப்’ என்றால் 2019 ஜூன். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளவை பட்டியலில் வரும். பெடலருகே அழுக்கு மூடியிருக்கும், துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அதே காலத்து ஷிமானோவின் விலை குறைந்த 105 வரிசை பட்டியலில் இல்லை. அடுத்த தட்டில் இருக்கும் பொருள் தப்பித்து, மேல் தட்டு மாட்டிக்கொண்டது. அதிக விலை கொடுத்தால் அதிக உறுதி என்ற நினைப்பை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட வேண்டும். கொடுத்த காசு எடைக் குறைப்புக்குப் போகிறது.

பிப்ரவரி 26

நேற்று ‘திரும்பப் பெற்றது’ என்று எழுதியதைத் திருத்துகிறேன். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு புதிது தரவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். ஒட்டு பிரிந்த அடையாளம் இருந்தால் மட்டும் மாற்றித் தருவார்கள். தேறிவிட்டால் அதே கிராங்கோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

தேறியது அன்றைய நிலவரம். மாதம் ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 3

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

ஹாலோவே வேண்டாம், பழையபடி கெட்டிக்கே போய்விடலாம் என்று நினைத்துப் பரண்மேல் இருந்த பழைய பெட்டியை இறக்கினேன். பதினைந்து வருடம் நான் ஓட்டிய சதுர அச்சு கிராங்க், அடித்துச் செய்த கெட்டி அலுமினியம். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். பழைய பட்டறை வித்தை இது: விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே வந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் இடது கிராங்கின் பெடல் ஓட்டையிலிருந்து ஒரு சாம்பல் கோடு கிளம்பி, சுமார் எட்டு மி.மீ. தூரம் நடந்திருக்கிறது. அரத்தால் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன். கீறல் இல்லை, விரிசல்தான்.

இந்தக் கிராங்கில்தான் பதினைந்து வருடம் எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஓட்டினேன். இது சத்தம்கூடப் போடவில்லை.

பெடல் ஓட்டை கெட்டி கிராங்குகளின் பழைய பலவீனம். பெடலின் எஃகு அச்சு எவ்வளவு முறுக்கினாலும் அலுமினிய முகத்தில் மிக நுண்ணிய அளவில் உருண்டுகொண்டே இருக்கும். இடது பெடலுக்கு எதிர்மரை வைத்திருப்பதே அந்த உருளலால் பெடல் கழன்று வராமல் இருக்கத்தான். உருளும்போது அலுமினியம் தேய்ந்து, ஓரத்தில் நகக்கீறல் போலக் காயம் ஏற்படுகிறது. விரிசல் அங்கே தொடங்குகிறது. கார் சக்கரத்தின் நட்டு போலக் கூம்பு முகம் வைத்தால் உருளல் நிற்கும் என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். சைக்கிள் உலகம் மாறவில்லை. பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவில் மெல்லிய எஃகு வாஷர் போடுவது கொஞ்சம் காப்பாற்றும்.

மார்ச் 4

நேற்றைய விரிசலை நினைத்துக்கொண்டே போட்ட கணக்கு. வருடம் 10,000 கி.மீ., சராசரி மணிக்கு 25 கி.மீ. என்றால் 400 மணி நேரம். நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு 5,400. வருடத்துக்கு 21,60,000 முறை ஒவ்வொரு கிராங்கும் அழுத்தப்படுகிறது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே அழுத்தினால் எத்தனை கோடி முறை ஆனாலும் சோராது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை. சின்ன அழுத்தமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கூடோ கெட்டியோ, அலுமினியக் கிராங்குக்கு ஆயுள் உண்டு.

மார்ச் 10

எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு, நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தபின் கிராங்கை அச்சோடு வெளியே எடுத்துவிடுவேன். சைக்கிளில் மாட்டியபடி பார்த்தால் பின்பக்கம் சரியாகத் தெரியாது. நான் மூன்று வாரம் ஏமாந்தது அப்படித்தான். இருட்டறையில் டார்ச்சை ஏறக்குறைய கிராங்கோடு படுக்கவைத்து, ஒட்டுக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்ப்பேன். நல்ல கோடு ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் ஓடும். எங்காவது கறுத்துத் தடித்தால் நின்று பார்க்க வேண்டும். பூச்சு கொப்புளம் போலத் தூக்கியிருந்தால் உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். பிறகு கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துக்கொண்டே போவேன். நகம் தட்டினால், போன மாதம் அந்த இடத்தில் தட்டாமல் இருந்திருந்தால், அதற்குமேல் ஓட்ட மாட்டேன்.

நகம் சொல்லாததைச் சில சமயம் தண்ணீர் சொல்லும். சோப்புத் தண்ணீரைக் கோட்டின்மேல் தடவிவிட்டு, சைக்கிளில் மாட்டி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிராங்கைப் படுக்கையாக வைத்துப் பெடலை முழு எடையோடு அழுத்தி அழுத்தி விட வேண்டும். கூட ஒருவர் பார்க்கட்டும். கோடு திறந்திருந்தால் அங்கே நுரை சின்னச் சின்னக் குமிழாக வந்து போகும், மூச்சு விடுவது போல. என் உடைந்த கிராங்கின் மிச்சம் இருந்த பகுதியில் செய்து பார்த்தேன், கண்ணெதிரே குமிழ் வந்தது.

மண்ணெண்ணெய் வித்தையை ஒட்டிய கிராங்கில் செய்யாதீர்கள். பசை பிடித்த இடத்துக்குள் எண்ணெயை நாமே அனுப்பி வைப்பானேன்?

கழுவும்போது பிரஷர் தண்ணீரைப் பின்பக்கக் கோட்டில் நேராக அடிக்க வேண்டாம். மழையில் ஓட்டிவந்தால் துடைத்துவிடுங்கள். வியர்வை சொட்டும் வீட்டு ட்ரெயினரில் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் அது.

மார்ச் 11

ஒரு யோசனை. கிராங்கில் ஒட்டும் பவர் மீட்டர் அலுமினியத்தின் நெளிவைத்தானே அளக்கிறது. ஒட்டு பிரிந்தால் நெளிவு மாறும். அப்படியானால் பூஜ்ய அளவு (பெடலில் அழுத்தம் இல்லாதபோது மீட்டர் காட்டும் எண்) தினமும் நகர்ந்துகொண்டே போவது முன்னெச்சரிக்கையாக இருக்குமா? எனக்கு உடைவதற்கு முந்தின இரண்டு மாத எண்களை எடுத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 17

பார்த்துவிட்டேன். என் மீட்டர் இடது கிராங்கில், உடைந்தது வலது. அதனால் எண்களில் ஒன்றும் இல்லை. இடதையே எடுத்துக்கொண்டாலும், காலைக் குளிருக்கும் மத்தியானச் சூட்டுக்கும் இடையில் பூஜ்யம் நகரும் தூரம் பெரிது. அதற்கு நடுவில் ஒட்டின் பேச்சு கேட்காது. அந்த யோசனையை நம்பிக் கிராங்கைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 24

கார்பன். உடல் பெரும்பாலும் நன்றாகவே நிற்கிறது. பிரச்சினை பெடல் மரைக்காக உள்ளே பதித்திருக்கும் அலுமினியத் துண்டில். அது கார்பனோடு பசையால் நிற்கிறது. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிபடும். துண்டு தளர்ந்தால் பெடல் லேசாக ஆடும், பெடல் பேரிங் தேய்ந்ததாக நினைத்துப் பெடலை மாற்றுவோம். கிராங்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஆட்டுங்கள். ஆட்டம் பேரிங்கிலா, மரையைச் சுற்றிய வளையத்திலா என்று விரலை வைத்தால் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 7

நேற்று கூட ஓட்டிய நண்பருக்கு இடது கிராங்க் கழன்று வந்துவிட்டது. உடனே எல்லோரும் ‘ஹாலோ பார், ஹாலோ பார்’ என்றார்கள். இதை ஒட்டோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. இது நாங்கள் முறுக்கியதில் வந்த வினை.

24 மி.மீ. அச்சில் மாட்டும் ஹாலோடெக் 2 வகையில் இடது கிராங்கை இரண்டு பக்கவாட்டு போல்ட்டுகள்தான் கவ்விப் பிடிக்கின்றன. வெளியே தெரியும் பிளாஸ்டிக் மூடி கிராங்கைப் பிடிப்பதற்கு அல்ல, பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு. அதற்கு 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் போதும், விரல் பலம்தான். கவ்வும் போல்ட்டுகளுக்கு 12 முதல் 14. இரண்டையும் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதலாவது தளர்ந்திருக்கும். நண்பர் ஒன்றை ஒரே மூச்சில் முறுக்கியிருக்கிறார். அது தளர்ந்து, கிராங்க் அச்சின் பற்களில் ஆடி ஆடி, பற்களைத் தின்றுவிட்டது. பல் போன கிராங்கை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதன் முள் அச்சின் ஓட்டையில் உட்கார வேண்டும். போல்ட்டுகள் தளர்ந்தாலும் கிராங்க் முழுசாகக் கழன்றுவிடாமல் தடுப்பது அதுதான். நண்பருடையதில் அது மேலே மடங்கிக் கிடந்தது.

ஏப்ரல் 21

புதிய கிராங்க் மாட்டிவிட்டேன். ஹாலோதான். அடித்துச் செய்தது, நீளவாக்கில் ஒட்டில்லை. பழையதைவிட நூறு கிராம் போலக் கூட. எடை போட்டுப் பார்த்தேன், பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் குறைத்தால் சரியாகிவிடும்.

மாட்டும் முன் இரண்டு கிராங்கையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, தேதி எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன மாதம் அந்தக் கோடு இப்படித்தான் இருந்ததா என்ற சந்தேகம் வரும்போது ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. பெடலுக்கு வாஷரும் போட்டாயிற்று.

ஒட்டியது எல்லாமே கெட்டது என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. விமானங்களின் உடலிலும் ஒட்டிய அலுமினியம் இருக்கிறது. ஒட்டுமுன் பரப்பை எப்படித் தயார் செய்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம். கிராங்குக்கு அந்தப் பார்வையைக் கொடுப்பது நாம் மட்டுமே.

மே 5

இந்த இழையைத் தொடங்கிய நண்பர் இன்று காலை படங்கள் அனுப்பினார். அவருடையதும் ஒட்டிய வகை. பிப்ரவரியில் நான் சொன்னபடி உடனே கழற்றவில்லை, பதினான்காம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு விட்டுவிட்டாராம். இந்த வாரம் ‘டிக்’ தொடங்கியிருக்கிறது, எழுந்து மிதிக்கும்போது மட்டும். கிராங்கை வெளியே எடுத்து, இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்திருக்கிறார்.

இடதில் கோடு சுத்தம். வலதில் நட்சத்திரக் கைக்குப் பக்கத்தில், எனக்குத் திறந்த அதே இடத்தில், அரை சென்டிமீட்டர் கறுப்பு. நகம் இரண்டு இடத்தில் தட்டியது என்றார். சோப்புத் தண்ணீர் தடவி அவர் மனைவி பெடலை அழுத்த, இவர் குனிந்து பார்த்த வீடியோவும் வந்திருக்கிறது. பதினோராவது நொடியில் குமிழ்.

சைக்கிள் இப்போது கிராங்க் இல்லாமல் சுவரில் தொங்குகிறதாம்.